தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்

கல்யாணப் பத்திரிகை வந்தால் போகலாம், போகாமலும் இருந்துவிடலாம். போகாதவனுக்கு மொய்ப் பணம் மிச்சம். கோர்ட்டுச் சம்மன் வந்தால் போயே தீர வேண்டும்; போகாதவனைத் தேடிக்கொண்டு வாரண்டு வரும். பெற்றுக்கொள்கிறவனுக்குக் கல்யாணப் பத்திரிகையாகவும் அனுப்பிவைக்கிறவருக்குச் சம்மனாகவும் காட்சியளிக்கிற மூன்றாவது ரகக் காகிதம் ஒன்று சென்ற நூற்றாண்டில் நம் தபால்காரர்களின் பையில் இருந்துவந்தது. அதற்கு இன்டர்வியூ கார்டு என்று பெயர்.

அந்தக் காகிதத்தை வாங்குவதிலும் அதற்குப் பதில் எழுதுவதிலும் என் வாலிபப் பருவத்தின் நல்ல பகுதி கழிந்திருக்கிறபடியால், அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு ஓரளவு யோக்கியதை உண்டு என்று நினைக்கிறேன். உள்ளே கூப்பிட்டு என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் இங்கே விஷயமல்ல. அவர்கள் தெரியாது என்று எதிர்பார்த்ததைக் கேட்பார்கள். நாமும் அவர்களை ஏமாற்றாமல் தெரியாது என்று சொல்லிவிட்டு வருவோம். அழைப்பு கைக்கு வந்ததற்கும் அந்த அறைக்குள் காலை வைத்ததற்கும் இடைப்பட்ட சில தினங்களில் ஒரு குடும்பத்துக்குள் நடக்கிற வைபவம் இருக்கிறதே, அதுதான் சொல்லத் தகுந்தது.

கும்பகோணம் கல்லூரியில் பி.ஏ. பட்டம் வாங்கியவன் அடுத்தபடியாகச் செய்ய வேண்டிய கர்மம், தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்துகொள்வது என்பது எங்கள் தெருவில் எழுதப்படாத சட்டம். அந்த ஸ்தாபனம் ஆதியில் எங்களுக்காக ஏற்பட்டதே அல்ல. இரண்டாவது மகாயுத்தத்திலிருந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதற்காக 1945-இல் சர்க்கார் அதை ஆரம்பித்தது. துப்பாக்கியைச் சினிமாவில் மட்டுமே பார்த்திருக்கிற சாதாரணப் பிரஜைகளுக்கு 1948-இல்தான் கதவு திறந்தது. ஆகவே ஜன்னலுக்கு வெளியே நின்ற வரிசையில் ஒரு ராணுவ லட்சணம் மிச்சமிருந்ததில் ஆச்சரியமில்லை. உள்ளே இருந்தவர் என் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் தலை நிமிராமலே கேட்டு எழுதிக்கொண்டு, அகில இந்தியத் தொழில் வகைப்பாட்டின் பிரகாரம் எனக்கு ஓர் எண்ணைச் சூட்டி, எக்ஸ்-10 என்னும் அடையாள அட்டையை ஜன்னல் வழியாக நீட்டினார். அன்று முதல் என் பெயரைக் காட்டிலும் என் நம்பர் பிரதானமாயிற்று. அம்மா அதை மளிகைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, எழுதிவைத்துக்கொண்டாள்.

1959-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. சர்க்கார் ஸ்தாபனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தனியார் கம்பெனிகளும் தங்களிடம் காலியாகும் இடங்களை எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டாயம் தெரிவித்தாக வேண்டும் என்று அது விதித்தது. விதித்துவிட்டு, அதே சட்டத்தின் நாலாவது பிரிவில், அப்படித் தெரிவித்த ஒரே காரணத்துக்காக எக்ஸ்சேஞ்ச் மூலமாக ஆள் எடுத்தாக வேண்டிய கடமை எவருக்கும் கிடையாது என்றும் சாவதானமாகச் சொன்னது. தெரிவிப்பது கட்டாயம், கொடுப்பது அவரவர் இஷ்டம். இந்த உபபிரிவு அந்த நாளில் என் கண்ணில் பட்டிருந்தால் எத்தனையோ தபால் தலைகள் மிச்சமாகியிருக்கும். ஆனால் எங்கள் பெரியப்பாவின் கலை இந்த உலகத்துக்குக் கிடைக்காமல் போயிருக்கும்.

கார்டு வருகிற தினத்தில் அது நேராக எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தெருக்கோடியில் சைக்கிளை விட்டு இறங்கும்போதே தபால்காரர், “நடுவீட்டுத் தம்பிக்குச் சர்க்கார் கவர்” என்று முதல் திண்ணையில் ஆரம்பித்துவிடுவார். அங்கிருந்து திண்ணைக்குத் திண்ணை தாவி அந்தச் செய்தி எங்கள் வாசலை அடைவதற்குள், பாதித் தெரு கூடி எனக்குச் சம்பளத்தை நிர்ணயித்து, பஞ்சப்படியையும் கூட்டி, என்னை ஒரு நல்ல ஊருக்கு மாற்றல் செய்து, கைவசம் இருக்கிற பெண் ஜாதகங்களில் எது பொருந்தும் என்கிற ஆராய்ச்சியில் இறங்கியிருக்கும். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கவரை வாங்குவாள். பழுப்புக் கவர். மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று 1969-இல் பெயர் மாறி வெகு காலம் ஆன பின்பும் ஆபீசுகளில் பழைய ஸ்டேஷனரி தீர்ந்தபாடில்லையாகையால், ‘மெட்ராஸ்’ என்று அச்சிட்ட எழுத்தின்மேல் கோணலாக ஒரு ரப்பர் ஸ்டாம்பு விழுந்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் படித்து முடிப்பதற்கு முன்பே அந்தக் காகிதம் ஸ்வாமி அறைக்குள் போய், நாலு மூலையிலும் மஞ்சள் பூசிக்கொண்டு, ஒரு மணமகனுக்குரிய களையோடு திரும்பி வரும்.

காகிதத்தில் கண்ட வாசகமோ களையற்றது. இன்ன தேதியில், இன்ன இடத்தில், அசல் சான்றிதழ்களுடன் ஆஜராக வேண்டியது. தவறினால் தங்கள் பெயர் பரிசீலிக்கப்படமாட்டாது. பிரயாணப் படி கிடையாது. இந்த அழைப்பு, வேலைக்கு உத்தரவாதம் ஆகாது. இது விஷயமாகக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளப்படமாட்டாது.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டவுடன்தான் பெரியப்பா பேனாவின் மூடியைக் கழற்றுவார்.

தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரானவர் அவர். முப்பது வருஷ காலம் பிறருடைய மனுக்களுக்கு ‘இயலாது’ என்று பதில் எழுதிவந்தவர், பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு, இயலும் என்று சொல்லவைப்பது எப்படி என்கிற எதிர்க் கலையில் தம் மிச்ச ஆயுளைச் செலவிட்டுக்கொண்டிருந்தார்.

“பதில் எழுத வேண்டாம்னு அவங்களே போட்டிருக்காங்களே, பெரியப்பா” என்றேன் முதல் தடவை.

“போட்டிருப்பான். நானும் போட்டவன்தான்டா. எழுதாதேன்னு போட்டும் எழுதறவன் எவன்னு பாக்கத்தான் போடறது. நீ எழுதினா ஃபைல்ல ஒரு காகிதம் ஏறும். நாலு காகிதம் ஏறி ஃபைல் கனத்துப் போச்சுன்னா, அதைத் தூக்கிக் கடாச எவனுக்கும் மனசு வராது.”

கடிதம் இங்கிலீஷில்தான். கெஜட்டில் வரும் இங்கிலீஷ். தங்கள் இன்ன நம்பர், இன்ன தேதியிட்ட கடிதத்தைக் கிடைக்கப்பெற்றேன் என்று தொடங்குகிற முதல் வாக்கியம், அதைக் கிடைக்கப்பெற்றதில் அடைந்த ஆனந்தத்தை விவரித்து, அந்த ஆனந்தத்துக்குத் தான் பாத்திரன்தானா என்று பணிவாகச் சந்தேகித்து, அச்சந்தேகத்தைத் தம் மேலான அழைப்பினாலேயே தாங்கள் நிவர்த்தி செய்துவிட்டீர்கள் என்று தேறுதல் அடைந்து, குறித்த நாளில் குறித்த நேரத்துக்கு முன்னதாகவே சந்நிதானத்தில் வந்து நிற்பேன் என்று பிரதிக்ஞை செய்துவிட்டுத்தான் முற்றுப்புள்ளியைக் கண்ணால் பார்க்கும். சொல்ல வேண்டியது ‘வருகிறேன்’ என்கிற ஒற்றை வினைமுற்றுதான். அதையும் எவரும் சொல்லச் சொல்லவில்லை.

இரண்டாவது பாராவில் குடும்பம் உள்ளே நுழையும். பையனுக்குக் கீழே இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்பதை ஜாடையாகவாவது தெரிவிக்க வேண்டும் என்பாள் அம்மா. எங்கள் தாத்தா ஜில்லா போர்டில் ஓவர்சியராக இருந்ததைச் சொல்லாமல் விட்டால் கடிதம் அனுப்பியே பிரயோஜனம் இல்லை என்பாள் அத்தை. நீளம் அதிகமானால் படிக்கமாட்டார்கள் என்று அப்பா ஆட்சேபிப்பார். படிப்பதற்காக எழுதுவதல்ல என்று பெரியப்பா அவரை அடக்கிவிடுவார். அண்ணன் தம்பிகளுக்குள் பெரிய விவாதம் மூண்டது கையெழுத்துக்கு மேலே வருகிற வரியின்மேல்தான். ‘ஐயா, தங்கள் மிகக் கீழ்ப்படிதலுள்ள ஊழியனாக இருக்கும் கௌரவத்தை உடையவன்’ என்பது அக்காலத்துச் சம்பிரதாயம்.

“இன்னும் வேலையே குடுக்கலை. அதுக்குள்ளே ஊழியன்னு எப்படி அண்ணா போடறது?” என்றார் அப்பா.

“அங்கேதான்டா சூட்சுமம் இருக்கு. நாம ஊழியன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சாச்சு. இல்லைன்னு மறுக்க வேண்டிய பொறுப்பு இனிமே அவனைச் சேர்ந்தது.”

தபாலில் சேர்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ரிஜிஸ்தர் செய்தால் பணம் அதிகம். சும்மா பெட்டியில் போட்டால் சாட்சி இல்லை. இரண்டுக்கும் நடுவே சர்ட்டிபிகேட் ஆப் போஸ்டிங் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசத்தை எழுதிச் சொற்பத் தபால் தலையை ஒட்டிக் கொடுத்தால், அதன்மேல் முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். கடிதத்தை நாம் கொடுத்தோம் என்பதற்கு அது அத்தாட்சி; அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அல்ல. எங்கள் குடும்பத்தின் நம்பிக்கைகள் முழுவதற்கும் அந்தத் துண்டுக் காகிதமே போதுமானதாயிருந்தது. 2011-இல் தபால் இலாகா அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டதாகப் பத்திரிகையில் படித்தபோது, பெரியப்பா காலமாகிவிட்டது ஒரு வகையில் நல்லது என்று தோன்றியது.

சான்றிதழ் நகல்களுக்குக் கெஜட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் கையொப்பம் வாங்கிய படலத்தை விரிக்கப்போவதில்லை. முன்பின் தெரியாத ஒரு கால்நடை டாக்டர் என் ஒழுக்கத்துக்கு ஜவாப்தாரியாக இருக்கச் சம்மதித்தார். மாட்டுக்கு ஊசி போட்ட கையோடு என்னையும் நல்லவன் என்று எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

பிரயாணம் அப்படி எளிதில் தீருகிற விஷயமல்ல. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் ஆஜராக வேண்டுமானால் புதன்கிழமை ராத்திரி கும்பகோணத்தில் ரயில் ஏற வேண்டும். புதனன்று வடக்கே சூலம். சென்னையோ வடக்கில்தான் இருக்கிறது. தேதியை மாற்றச் சொல்லி ஒரு விண்ணப்பம் போட்டால் என்ன என்று அத்தை கேட்டாள். பெரியப்பாவின் கண்கள் பிரகாசித்தன. நல்லவேளையாகப் பஞ்சாங்கமே பரிகாரத்தையும் சொல்லியிருந்தபடியால், ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு நான் வாசற்படி இறங்கினேன். பத்து மணிக்கு வரச்சொன்னவர்கள் தாழ்வாரத்துப் பெஞ்சியில் உட்காரவைத்து, ராகு காலம் பிறந்து பத்து நிமிஷம் கழித்து, அதாவது ஒன்று நாற்பதுக்கு, சரியாக என் பெயரைக் கூப்பிட்டார்கள். சூலத்துக்குப் பால் உண்டு. சர்க்காரின் தாமதத்துக்குப் பரிகாரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் கார்டை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத் தூக்கினார்.

“என்ன இது, நாலு பக்கமும் கறை?”

“மஞ்சள், சார்.”

“யாருக்குக் கல்யாணம்?”

வலது ஓரத்தில் இருந்த முதியவர், அதுவரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “அம்மா பூசியிருப்பாங்க. எனக்கும் பூசினாங்க” என்றார். அந்த அறையில் எனக்கு அனுகூலமாக நடந்தது அது ஒன்றுதான். எழுந்து வரும்போது மேஜைமேல் இருந்த என் ஃபைலை எட்டிப் பார்த்தேன். மெல்லிசாகத்தான் இருந்தது.

பெரியப்பாவின் மேதாவிலாசம் பூரணமாக வெளிப்பட்டது வேறொரு சந்தர்ப்பத்தில். 1972-ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று தபால் இலாகா பின்கோடு முறையைக் கொண்டுவந்தது. கடிதங்கள் இனி வழி தவறாமல் விரைந்து வரும் என்றார்கள். 612001 என்று ஆறு இலக்கமும் அழகாக எழுதப்பெற்ற ஒரு கவர், அதற்குச் சில மாதங்கள் கழித்து, 17-ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்தது. உள்ளே இருந்த அழைப்பு 16-ஆம் தேதிக்கு. அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா தபால் இலாகாவைத் திட்ட ஆரம்பித்தார். பெரியப்பா மட்டும் ஒரு சங்கீத வித்வான் அபூர்வ ராகத்தை எடுக்கப்போகிற பாவனையில் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, காகிதத்தை எடுத்தார்.

தேதி கடந்துவிட்ட போதிலும் அழைப்பு கடந்துவிடவில்லை என்பது தம் பணிவான துணிபு என்று அவர் வாதித்தார். வரச்சொல்வது என்கிற பெருந்தன்மையான செயல் தங்களால் நிறைவேற்றப்பட்டுவிட்டதென்றும், வருவது என்கிற அற்பச் செயல் மட்டுமே என் தரப்பில் பாக்கி நிற்கிறதென்றும், தாங்கள் வேறொரு தேதியைக் குறிப்பிட்டால் முந்திய தேதிக்கு வராத தோஷம் தானே நிவர்த்தியாகிவிடும் என்றும், முழு மடக்குத் தாளின் இரண்டு பக்கமும் ஓடியது அந்தக் கடிதம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்து, அதுவரை எங்கள் வம்சத்தில் நடவாத ஒன்று நடந்தது: பதில் வந்தது. சைக்ளோஸ்டைல் செய்த ஒற்றை வரி. ‘தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.’

பெரியப்பா அதைத் தெருவாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார். “பாத்தியாடா! கடிதப் போக்குவரத்து வச்சுக்கமாட்டேன்னான். வச்சுக்கிட்டான்!” அன்று சாயங்காலமே, பரிசீலித்துக்கொண்டிருப்பதற்கு நன்றி தெரிவித்து இன்னொரு கடிதம் போயிற்று. என் அறிவுக்கு எட்டியவரை அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

கடைசியில் எனக்கு உத்தியோகம் கிடைத்த விதத்தைக் கேட்டால் அவருடைய ஆத்மா மன்னிக்காது. ஒரு கூட்டுறவு ஸ்தாபனத்திலிருந்து தந்தி வந்தது: உடனே வந்து சேரவும். விண்ணப்பம் போட்டதே மறந்துபோயிருந்த இடம். பதில் எழுத உட்கார்ந்தால் தபால் போய்ச் சேர்வதற்குள் நானே போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நிலைமை. “எழுத்துமூலம் ஒரு வார்த்தை வாங்கிக்காம ஆளைச் சேத்துக்கறவன் என்ன ஆபீஸ் நடத்தப் போறான்?” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரிடையராகும்வரை நான் அங்கேதான் இருந்தேன். அது ஒரு நிரந்தரமான இடம் என்று அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது காலம் எங்கோ போய்விட்டது. மத்திய சர்க்கார் 2016 ஜனவரி முதல் தேதியோடு தன் கீழ்நிலை உத்தியோகங்களுக்கு நேர்முகப் பரீட்சையையே நிறுத்திவிட்டது, சிபாரிசுக்கு ஒரு வழி அடைபட்டது என்று பலரும் சந்தோஷப்பட்டார்கள், நியாயமான சந்தோஷம்தான். என் பேரன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவனுக்கு அழைப்புகள் தினசரி வருகின்றன. அவன் யாருக்கும் விண்ணப்பம் போட்டு நான் பார்த்ததில்லை. அனுப்புகிறவரின் விலாசமே ‘பதில் எழுதாதே’ என்று பொருள்படும்படி அமைந்திருப்பதைக் கண்டபோது, பெரியப்பா உயிரோடிருந்தால் இதற்கு எத்தனை பக்கம் எழுதியிருப்பார் என்று யோசித்தேன். வேறு சில அழைப்புகளில் பதிலை அவர்களே தயார் செய்து அனுப்பிவிடுகிறார்கள். யெஸ், நோ, மேபி. விரலால் ஒன்றைத் தொட்டால் முடிந்தது.

யெஸ் எனக்குப் புரிந்தது. நோ கொஞ்சம் பிரயாசையின்பேரில் புரிந்தது. மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

“என்னடா இது? வந்தாலும் வருவேன்னு ஒரு பதிலா?”

“ஆமாம் தாத்தா. இன்னும் ரெண்டு இடத்துல கூப்பிட்டிருக்காங்க. இங்க தொண்ணூறு நாள் நோட்டீஸ் வேற இருக்கு. பாத்துக்கலாம்.”

ஒருவனுக்கு வேலை எவ்வளவு தேவையோ அவ்வளவு நீளமாக அவன் பதில் இருக்கும் என்பதும், தேவையே இல்லாதவனுக்கு ஒரு விரல் போதும் என்பதும், அன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. கடைசியில் அவன் நோவைத் தொட்டான். சம்பளம் என் ஆயுள் சம்பாத்தியத்தை ஒரே வருஷத்தில் கொடுக்கக்கூடியது. காரணமாவது நாலு வரி எழுதக் கூடாதா என்று கேட்டேன். “அதெல்லாம் யாரும் படிக்கமாட்டாங்க, தாத்தா” என்றான். படிப்பதற்காக எழுதுவதல்ல என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு அது விளங்கியிராது.

அன்றிரவு கோடு போட்ட தாளை எடுத்துவைத்துக்கொண்டு நானே எழுதினேன். அழைப்பை மறுத்து ஒரு கடிதம் எழுதுகிற யோகம் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் அதற்கு முன் வாய்த்ததில்லை. பெரியப்பாவின் சாஸ்திரத்திலும் அதற்கு மாதிரி கிடையாது. தங்கள் மேலான ஸ்தாபனத்தில் ஓர் ஆசனத்தை எனக்கென்று தாங்கள் மனமுவந்து ஒழித்துவைத்திருப்பதை அறிந்து புளகாங்கிதமடைந்தேன் என்று தொடங்கி, அதில் வந்து அமராமலிருப்பதே அந்த ஆசனத்துக்கு நான் செய்யக்கூடிய மரியாதை என்று முடித்தேன். கையெழுத்துக்கு மேலே வருகிற வரிக்குத்தான் வெகு நேரம் பிடித்தது. ‘தங்கள் ஊழியனாக ஆகாமலிருக்கும் கௌரவத்தை உடையவன்’ என்று போட்டபோது மணி பன்னிரண்டு.

பேரன் காலையில் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். போட்டோ எடுத்துச் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பினான். கம்பெனிக்கு மட்டும் அனுப்பவில்லை.

ஆகையால் அந்தக் கடிதம் உபயோகப்படாமல் என்னிடமே இருக்கிறது. மாதம் 1,00,000 ரூபாய்க்குக் குறையாத உத்தியோகத்தை வேண்டாமென்று சொல்ல உத்தேசித்திருக்கும் இளைஞர்கள் எவரேனும் எழுதினால் நகல் எடுத்து அனுப்பிவைப்பேன். போதிய தபால் தலை ஒட்டிய, சுயவிலாசமிட்ட கவரை இணைக்க வேண்டியது. கம்பெனியின் பெயரையும் தேதியையும் மாத்திரம் மாற்றிக்கொண்டால் போதுமானது. இது விஷயமாக வேறு கடிதப் போக்குவரத்து தாராளமாக வைத்துக்கொள்ளப்படும்.